வீட்டிலேயே பவுலிங் பந்துப் பராமரிப்பு: ஸ்பின்னர், அப்ரலான் பேட், பாலிஷ் பற்றிய மதிப்பீடு

பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் பவுலிங் விளையாட்டுக்காக, எண்ணெயை உறிஞ்சும் நுண்துளைகள் கொண்ட ரியாக்டிவ் ரெசின் பந்து வாங்கியவர்கள் சில மாதங்களில் ஒரே குறையைச் சொல்லத் தொடங்குவார்கள். புதிதில் லேனின் (பந்து உருளும் பாதையின்) எண்ணெய் பூசிய பகுதியைக் கடந்ததும் வெடுக்கென்று திரும்பிப் பின்களைச் சிதறடித்த பந்து, இப்போது அதே கோட்டில் வீசினாலும் அரைமனதாக வளைந்து, முதல் பின்னை மெல்ல உரசிவிட்டுப் போகிறது. பந்தின் ஆயுள் முடிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த பந்தைத் தேடுவோரே அதிகம். ஆனால் பெரும்பாலும் பந்தின் உள்ளே எந்தக் கோளாறும் இருக்காது. மேற்பரப்புதான் எண்ணெயைக் குடித்தும், லேனில் உருண்டு உருண்டு வழவழத்தும் போயிருக்கும். இதைச் சரிசெய்ய ப்ரோ ஷாப்புக்குத்தான் (பவுலிங் பந்துகளை விற்றுப் பழுதுபார்க்கும் கடைக்குத்தான்) போக வேண்டும் என்பதில்லை. பந்தைச் சுழற்றும், வீட்டில் வைத்துக்கொள்ளும்படியான ஒரு மேசை ஸ்பின்னர், 500, 1000, 2000, 4000 கிரிட் (சொரசொரப்பின் அளவு; எண் கூடக்கூட மென்மை) கொண்ட அப்ரலான் என்னும் தேய்ப்புப் பேட்கள், ஒரு கிளீனர், ஒரு பாலிஷ் ஆகியவற்றைக் கொண்ட தொகுப்பை நான் தொடர்ந்து பயன்படுத்திவருகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேட்களுக்கு முழு மதிப்பெண், ஸ்பின்னருக்குப் பாதிக்குச் சற்று மேல், பாலிஷ் புட்டி பெரும்பாலும் அலமாரியிலேயே இருக்கிறது.

மேற்பரப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். பந்தின் உட்கருவைப் பற்றித்தான் விளம்பரங்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஆனால் அமெரிக்க பவுலிங் விளையாட்டை நெறிப்படுத்தும் யு.எஸ்.பி.சி. அமைப்பு பந்தின் இயக்கத்தைக் குறித்து நடத்திய விரிவான ஆய்வில், மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பே பந்தின் பாதையை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக மாற்றுகிறது என்று தெரியவந்தது. காரணம் எளிது. லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசப்பட்டிருக்கிறது. சொரசொரப்பான பந்து அந்த எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துக்கொண்டு தரையைச் சீக்கிரமே பற்றிக்கொள்கிறது. அதனால் முன்னதாகவே வளையத் தொடங்கிச் சீரான வில்லாக வருகிறது, கடைசியில் திரும்புவதற்கான வேகத்தை வழியிலேயே செலவிட்டும் விடுகிறது. பளபளப்பான பந்து எண்ணெயின் மேல் வழுக்கிச் சென்று, உலர்ந்த பகுதியை அடைந்த பிறகு கூர்மையாகத் திரும்புகிறது. ஒரே பந்து, ஒரே கை, ஒரே லேன்; கிரிட் எண்ணை மட்டும் மாற்றினால் அது திரும்பும் இடம் பல அடி தள்ளிப்போகிறது.

அப்ரலான் பேட்களை பின்லாந்தைச் சேர்ந்த மிர்க்கா நிறுவனம் தயாரிக்கிறது. சாதாரண உப்புத்தாளோடு ஒப்பிட்டால் இதன் சிறப்பு நுரைப்பஞ்சு முதுகில்தான் இருக்கிறது. பந்தின் வளைவுக்கு ஏற்ப வளைந்துகொடுப்பதால் பேட் முழுவதும் ஒரே அழுத்தத்தில் படிகிறது. உப்புத்தாளின் மடிந்த ஓரம் போடும் ஆழமான கோடுகள் இதில் விழுவதில்லை. தண்ணீர் தெளித்துத் தேய்க்கும்போது, பந்தின் நிறத்திலேயே ஒரு குழம்பு பேட்டின் அடியிலிருந்து வழிந்துவரும். ஊதாப் பந்தென்றால் ஊதா, கறுப்பென்றால் சாம்பல். அந்தக் குழம்பு கெட்டியாகி, பேட் பந்தோடு ஒட்டிக்கொண்டு கையை இழுப்பதுபோல் தோன்றினால், தண்ணீர் போதவில்லை என்று பொருள். உலர்வாகத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பேட்டின் துளைகள் ரெசின் தூளால் அடைபடுவதோடு, அந்தத் தூள் மூக்கிலும் ஏறும். ஈரமாகத் தேய்ப்பதே நல்லது; உலர்வாகத்தான் தேய்ப்பேன் என்பவர் முகக்கவசமாவது அணிய வேண்டும்.

பேட்களில் கவனிக்க வேண்டிய ஒன்று, முதுகில் அச்சிட்டிருக்கும் எண் நிரந்தரமானதல்ல என்பது. புதிய 2000 பேட், அதன் எண்ணைவிடச் சற்று முரடாகவே வெட்டும். பலமுறை பயன்படுத்திய அதே பேட் 3000 போல நடந்துகொள்ளும். கையின் அழுத்தம், தேய்க்கும் நேரம், தண்ணீரின் அளவு என எல்லாமே இறுதிச் சொரசொரப்பை மாற்றும். ஆகவே இருவர் தங்கள் பந்து 2000 கிரிட் என்று சொன்னால், இரண்டும் ஒரே மாதிரி ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒருவரே, ஒரே விதமாக, ஒரே கால அளவில் செய்துவந்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே பலன் கிடைக்கும். வீட்டில் செய்வதன் பெரிய ஆதாயம் இதுதான் என்று நினைக்கிறேன். பந்து எந்த நிலையில் இருக்கிறது என்பது அதன் சொந்தக்காரருக்கே தெரிந்திருக்கும்.

தேய்க்கும் முறையைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பின்னரை வாங்குவதில் பயனில்லை. ஸ்பின்னர் என்பது ஒரு மோட்டாரும், அதன் மேல் சுழலும் ஒரு கிண்ணமும் மட்டுமே. பந்தைக் கிண்ணத்தில் வைத்துச் சுழலவிட்டு, மேலிருந்து பேட்டை அழுத்துகிறோம். அப்போது பந்தின் நடுக்கோடு பேட்டின் அடியில் வேகமாக ஓடுகிறது; உச்சியோ நின்ற இடத்திலேயே மெல்லச் சுழல்கிறது. ஆகவே ஒரே நிலையில் வைத்து எவ்வளவு நேரம் தேய்த்தாலும் நடுக்கோட்டில் அதிகமாகவும் உச்சியில் குறைவாகவும்தான் வெட்டும். கோடுகளும் ஒரே அச்சைச் சுற்றிய வளையங்களாக விழும். அதனால்தான் நான்கு பக்கம், ஆறு பக்கம் என்று பந்தைத் திருப்பித் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள். முதலில் மேல்பக்கம், அடுத்து தலைகீழாக, பிறகு கால் சுற்று உருட்டி ஒரு பக்கம், அதன் எதிர்ப்பக்கம் என்று மாற்றினால் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு பரப்பு சீராகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம் ஒதுக்குவதற்குக் கைப்பேசியின் டைமரே போதும்.

எல்லா இடத்திலும் பேட் பட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்வது கடினம். தேய்க்கத் தொடங்கும் முன் மெழுகுப் பென்சிலால் பந்தெங்கும் கோடுகள் கிறுக்கிவிட்டு, அவை முற்றிலும் மறைகின்றனவா என்று பார்ப்பது நல்ல வழி. பந்தைத் துடைத்துவிட்டு விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தால் உருளும் பாதை, அதாவது டிராக், மங்கலான வளையமாக இன்னும் தெரியக்கூடும். தெரிந்தால் 500இல் இன்னும் வேலை பாக்கியிருக்கிறது. அடுத்த பேட்டுக்குப் போவது வீண். விரல் துளைகளின் விளிம்பில் பேட் சிக்கினால் அதன் ஓரம் கிழிந்துவிடும் என்பதால் அங்கே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

இனி ஸ்பின்னர். நான் பயன்படுத்தும் கருவியின் மோட்டார் தன் வேலையைச் செய்கிறது. 15 பவுண்டு பந்தை வைத்து ஓரளவு அழுத்தினாலும் வேகம் குறையவில்லை. இரைச்சலும் பக்கத்து அறையில் இருப்பவர் பொறுத்துக்கொள்ளும் அளவே. குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. கிண்ணத்தின் விளிம்பிலுள்ள ரப்பர் ஈரமானதும் பந்து சறுக்குகிறது. கிண்ணம் சுற்ற, பந்து நிற்கிறது. ஒவ்வொரு முறை பந்தைத் திருப்பும்போதும் விளிம்பைத் துடைத்தால்தான் வேலை நடக்கும். அதைவிடக் கவலைக்குரியது தண்ணீர். வழிந்தோடும் குழம்பு கிண்ணத்துக்குக் கீழே மோட்டாரின் பக்கம் போகாமல் தடுக்க ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் உதடு மிகவும் தாழ்வாக இருப்பதால் சற்றே அதிகம் தெளித்தாலும் நிரம்பி வழிகிறது. மின்சாரத்தில் ஓடும் ஒரு கருவியில், அதுவும் ஈரமான வேலைக்கென்றே விற்கப்படும் கருவியில், இதை எப்படி விட்டுவைத்தார்கள் என்று புரியவில்லை. சுவிட்சும் கைக்கெட்டும் முன்பக்கத்தில் இல்லாமல் பின்னால் இருக்கிறது. வாங்குவோர் மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்: விளிம்பின் பிடிப்பு, தண்ணீர்த் தடுப்பு, சுவிட்சின் இடம்.

ஸ்பின்னர் இல்லாமல் கையாலேயே தேய்க்கலாமா என்றால், தேய்க்கலாம். ஒரு வளையத்தின் மேல் பந்தை வைத்து, பேட்டைச் சிறு வட்டங்களாக ஓட்டி, பந்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். 2000 பேட்டால் மேலோட்டமாகப் புதுப்பிக்க இது போதும். 500இலிருந்து தொடங்கி முழுப் பரப்பையும் வெட்டியெடுக்க வேண்டுமென்றால் தோள் வலிக்கும், சீராகவும் வராது.

கிரிட் வரிசையைப் பற்றித்தான் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. உற்பத்தியாளர்கள் சில பந்துகளுக்கு 500, 2000 என்று இரண்டு எண்களைச் சேர்த்துக் குறிப்பிடுவார்கள். முதல் எண் பரப்பில் வெட்டிய பள்ளங்களின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் எண் அந்தப் பள்ளங்களுக்கு இடையிலுள்ள முகடுகளை மழுக்குகிறது. 500க்குப் பின் நேராக 2000 போட்ட பந்தும், 500, 1000, 2000 என்று படிப்படியாக ஏற்றிய பந்தும் கையால் தடவிப் பார்க்கும்போது ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் முதல் பந்தில் ஆழமான பள்ளங்கள் மிச்சமிருப்பதால் அது எண்ணெயில் சற்று முன்னதாகப் பிடிக்கிறது. வீட்டில் பேட் வைத்திருப்பவருக்கு இதுவே விளையாட்டுக் களம். ஒரே பந்தை அடர்த்தியான எண்ணெய்க்கு 500, 1000 என்றும், எண்ணெய் குறைந்த லேனுக்கு 1000, 4000 என்றும் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

பாலிஷுக்கு நான் குறைவான மதிப்பெண் தருவதற்குக் காரணம் அதன் தரம் அல்ல. புட்டியில் இருப்பது நன்றாகவே பளபளக்க வைக்கிறது. ஆனால் சில பாலிஷ்களில் நுண்ணிய தேய்ப்புத் துகள்களோடு வழுக்கும் பொருளும் சேர்ந்திருக்கிறது. பந்து எதனால் நீளமாக வழுக்குகிறது, தேய்ப்பினாலா பூச்சினாலா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. பளபளப்பு கண்ணுக்கு இனிமையாக இருப்பதால் பலர் தேவையில்லாமலே பாலிஷ் போட்டுவிட்டு, எண்ணெய் நிறைந்த லேனில் பந்து திரும்பவில்லை என்று வருந்துகிறார்கள். நேராக உருட்டி மிச்சப் பின்களை வீழ்த்தப் பயன்படும் பாலியெஸ்டர் பந்துக்கு பாலிஷ் பொருத்தம். யூரிதேன் என்னும் வேறு வகைப் பிளாஸ்டிக் தோல் கொண்ட பந்துக்கு அநேகமாகத் தேவையே இல்லை. அது விளையாடும்போதே தானாக வழவழத்துவிடும், அதற்கு அவ்வப்போது பேட்தான் வேண்டும்.

மேற்பரப்பைத் தேய்ப்பதற்கு முன் உள்ளே ஊறிய எண்ணெயை வெளியேற்றுவது நல்லது. ரியாக்டிவ் ரெசினின் நுண்துளைகள் ஒவ்வொரு உருட்டலிலும் எண்ணெயை உறிஞ்சுகின்றன. ஆட்டம் முடிந்த உடனேயே கிளீனரால் துடைத்தால் மேலே இருப்பது வந்துவிடும். பையில் போட்டு மறுநாள் துடைத்தால் அதற்குள் பெரும்பகுதி உள்ளே இறங்கியிருக்கும். ஊறியதை எடுக்க வெந்நீர்க் குளியல் உதவும். விரல் துளைகளை நீர்புகாத டேப்பால் அடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்த வெந்நீர் வாளியில் பந்தை இறக்க வேண்டும். சற்று நேரத்தில் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கும். வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டவே கூடாது. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்கும் யோசனையெல்லாம் பந்தைப் பிளந்துவிடும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். இடையே ஒரு வேடிக்கையான தகவல்: எல்லாப் பந்துகளும் ஏறக்குறைய ஒரே பருமன் கொண்டவை என்பதால், சுமார் 12 பவுண்டுக்குக் குறைவானவை மிதக்கும், கனமானவை மூழ்கும். மிதக்கும் பந்தை அடிக்கடி திருப்பிவிட வேண்டும்.

கிளீனரைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை தேவை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் துடைக்க ஏற்றது. அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பந்தின் தோலையே மென்மையாக்கிவிடும். 1970களில் சில தொழில்முறை ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே பந்தை இரசாயனத்தில் ஊறவைத்து மென்மையாக்கி நன்றாகத் திருப்பினார்கள். அதற்குப் பிறகுதான் கடினத்தன்மைக்குக் குறைந்தபட்ச வரம்பு வந்தது. போட்டிகளில் ஆடுபவர்கள் இன்னும் மூன்று விதிகளை நினைவில் வைக்க வேண்டும். யு.எஸ்.பி.சி. விதிகளின்படி போட்டி தொடங்கிய பிறகு பேட்டைத் தொடக் கூடாது. 2019 ஆகஸ்டிலிருந்து ஆட்டத்தின் நடுவே திரவக் கிளீனரும் கூடாது, உலர்ந்த துணி மட்டுமே. தேய்ப்பதையும் பந்து முழுவதும் சீராகத் தேய்க்க வேண்டும். டிராக்கை மட்டும் தேய்த்தால் அது விதிமீறல்.

ப்ரோ ஷாப்பின் தானியங்கி இயந்திரம் இந்த ஸ்பின்னரைவிடச் சீராகவே தேய்க்கிறது என்பதை மறுக்க முடியாது. விரிசல், ஆழமான குழி, தளர்ந்துபோன கட்டைவிரல் செருகி ஆகியவற்றை அவர்களிடமே கொடுக்க வேண்டும். அறுபது ஆட்டங்களுக்கு ஒருமுறை முழுமையாகப் புதுப்பிக்கும் வேலையையும், வசதி இருந்தால், அங்கேயே செய்துகொள்ளலாம். இடைப்பட்ட காலத்துப் பராமரிப்பை எந்தக் கடையும் உங்களுக்காகச் செய்யப்போவதில்லை. 500 கிரிட் பரப்பு சில ஆட்டங்களிலேயே மழுங்கத் தொடங்கிவிடும். வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு 1000, 2000 பேட்களும் ஒரு கிளீனரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். இரண்டு மூன்று ரியாக்டிவ் பந்துகளை வைத்துக்கொண்டு லீக்குகளில் ஆடுபவர் ஸ்பின்னர் வாங்கலாம். தண்ணீர்த் தட்டின் உதடு உயரமாக இருக்கும் மாதிரியாகப் பார்த்து வாங்கட்டும்.