14 மாத ரெய்கி: தூக்கம் அருமை, விளக்கம்தான் தாங்கவில்லை

தோழி ஒருத்தி நேற்று இரவு கேட்டாள். "அம்மாவுக்கு அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்குது. நீதான் ரெய்கிக்குப் போய்ட்டிருக்கியே, அம்மாவையும் கூட்டிட்டுப் போகட்டுமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி இரண்டையும் அழித்தேன். ஒரு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை இது.

ரெய்கி என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து சொல்லப்போவதில்லை. கை வழியாக ஆற்றல் பாய்ச்சுகிறோம் என்று சொல்லும் ஜப்பானிய முறை. போட்ட உடையோடு படுக்க வேண்டும். ஒருவர் தலையில் தொடங்கிப் பாதம் வரை ஒவ்வொரு இடமாகக் கை வைப்பார், அல்லது உடம்புக்குச் சற்று மேலே கையை நிறுத்துவார். ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அமுக்குவதோ பிடித்துவிடுவதோ கிடையாது. நான் போனது தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு. கிழிந்த தசைநாணைத் தைத்தார்கள். 6 வாரம் ஸ்லிங், அப்புறம் பிசியோதெரபி. ரெய்கியைச் சொன்னது அண்ணி. எனக்கு அதில் நம்பிக்கை எதுவும் இல்லை. தூக்கம் போய்விட்டிருந்தது, அதனால் கிளம்பினேன்.

தோளில் தையல் போட்டவர்களிடம் இரவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மல்லாந்தால் இழுக்கும், அந்தப் பக்கம் திரும்பவே முடியாது, இந்தப் பக்கம் திரும்பினால் கை முன்னால் சரிந்து தொங்கும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் ரெய்கி தருபவர் என் கண்கள்மேல் கை வைத்தார், பிறகு காதுகள், பிறகு பிடரி. அதற்குமேல் நடந்தது எனக்குத் தெரியாது. என் குறட்டைச் சத்தத்தில் நானே விழித்தேன். இரண்டு மாதத்தில் நான் முதுகு படப் படுத்துத் தூங்கியது அந்த 40 நிமிடம்தான். வண்டியில் ஏறியதும் அழுதுவிட்டேன், சும்மாதான்.

இது ஏன் நடந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். பிசியோவில் ஒரு கை தோளுக்குப் பக்கத்தில் வந்தாலே உடம்பு விறைத்துக்கொள்ளும். அந்தக் கை வந்தால் வலிக்கும் என்று தோளுக்குத் தெரியும். ரெய்கி மேசையில் வந்த கைக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. தூக்கு, பிடி, இன்னும் ஐந்து டிகிரி என்று கேட்கவில்லை. வெறுமனே இருந்தது. வாரக்கணக்கில் காவல் நின்ற தசை அந்தக் கைக்குக் கீழே கொஞ்சம் உட்கார்ந்தது. வலி குறைந்ததா என்றால், அந்த மாதம் நான் விழுங்கிய மாத்திரை ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் தூங்கி எழுந்த உடம்பால் அதே வலியைத் தாங்க முடிந்தது.

ஆற்றல் பாய்ந்ததா? கை வைத்த இடத்தில் சூடு தெரிந்தது. யார் கையை வைத்தாலும் சூடு தெரியும். கீமோ என்று தோழி சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 189 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான ரெய்கி. இன்னொன்றுக்கு ரெய்கி கற்காத ஒருவர் அதே மாதிரி கை வைத்து நடித்தார். மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் இரண்டு குழுவுக்குமே வழக்கமான கவனிப்பைவிட ஆறுதலும் நலவுணர்வும் கூடின. அசலும் நடிப்பும் ஒன்றுபோலவே நின்றன. 2008-ல் வந்த இன்னோர் ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா என்ற, உடம்பெங்கும் நீடிக்கும் வலியோடு வாழும் 100 பேருக்கு அசல் ரெய்கியையோ நடிப்பையோ வாரம் இரண்டு முறை, 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது என் தோளின் கதையை யாரோ எழுதி வைத்தது போலிருந்தது. பக்கத்தில் ஒருவர் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தார், அது உதவியது. இதில் எனக்கு ஏமாற்றம் எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை வேறு யாரும் எனக்குத் தரவில்லையே.

சரி, குறைக்கு வருகிறேன். ஒரே ஒரு சொல்தான். கழிவு.

செஷன் முடிந்து மறுநாள் தலைவலி என்றேன். "கழிவு வெளியேறுது." சளி பிடித்தது. "நல்லது, கழிவு வெளியேறுது." காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன் என்றேன். அது மனக்கழிவாம். நன்றாக இருக்கிறேன் என்றால் ஆற்றல் வேலை செய்கிறது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் ஆழத்தில் வேலை செய்கிறது. என்ன நடந்தாலும் ஜெயிக்கிற விளக்கம் இது, தோற்கவே தோற்காது. ஆர்வத்தில் முதல் நிலை தீட்சையும் எடுத்தேன். அதன் பிறகு 21 நாள் உடம்பு சுத்தமாகும் என்றார்கள். ஏன் 21? 1922-ல் ரெய்கியைத் தோற்றுவித்த உசுய் மிக்காவோ ஜப்பானில் கியோத்தோவுக்கு அருகே குராமா மலையில் 21 நாள் பட்டினி கிடந்து தவம் செய்தாராம், அந்தக் கணக்கு. பட்டினி கிடந்தது அவர், கழிவு மட்டும் எனக்கா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஐந்தாவது மாதம் வராமல் இருந்திருந்தால்.

120 டிகிரி வரை மேலே போன கை 90-ஐத் தாண்ட மறுத்தது. ரெய்கி தருபவரிடம்தான் முதலில் சொன்னேன். "அடைப்பு திறக்கும்போது அப்படித்தான் இருக்கும், இன்னும் ரெண்டு மூணு செஷன் பொறுங்க." பொறுத்தேன், மூன்று வாரம். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் மூட்டு எவ்வளவு அசைகிறது என்று அளக்கும் கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகத் தொடங்கியிருந்தது. விட்டதைப் பிடிக்க இன்னும் இரண்டு மாதம், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

நியாயமாகவும் பேச வேண்டும். மருந்தை நிறுத்து என்றோ டாக்டரிடம் போகாதே என்றோ ரெய்கி தருபவர் ஒருநாளும் சொன்னதில்லை.  பிசியோவின் எண் என் போனிலேயே இருந்தது. கூப்பிட்டால் 'வா, இழுத்துப் பார்க்கலாம்' என்பார் என்று தெரியும். பொறுங்கள் என்ற சொல் இனித்தது, அதை எடுத்துக்கொண்டேன். தப்பு பாதி என்னுடையது. ஆனால் மீதிப் பாதி? ரெய்கியில் கை வைக்கும் வரிசையை ஒழுங்குபடுத்திய ஹயாஷி சுஜிரோ ஒரு கடற்படை மருத்துவர். இந்த மரபுக்குள்ளேயே ஒரு டாக்டர் இருந்திருக்கிறார்! அவருடைய வரிசையை இவ்வளவு பக்தியோடு கற்றவர்கள் 'இது எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்கள்' என்ற ஒரு வாக்கியத்தையும் கூடவே கற்றிருக்கக் கூடாதா?

ரெய்கிக்கு ஐந்து உறுதிமொழிகள் உண்டு. அதில் ஒன்று, இன்று மட்டும் கோபப்படாதே. நாளைக்குப் பார்க்கலாம்.

தோழிக்கு என் பதில்: வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பாள். என் தோளில் போனது 30 டிகிரி, திரும்பக் கிடைத்தது. கீமோ நடக்கும்போது ரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே நடுராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் அம்மாவின் காதில் 'கழிவு வெளியேறுது, நல்லது' என்று யாராவது சொல்லி, அவரும் நல்ல பிள்ளையாகக் காலை வரை பொறுத்துவிட்டால்? சில மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவிலேயே ரெய்கி தருகிறார்கள். அப்படி நர்ஸ் பார்வையில் நடந்தால் தாராளமாகப் போகட்டும், நன்றாகத் தூங்குவார். வெளியே என்றால், படுப்பதற்கு முன்னால் 'அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன அர்த்தம்' என்று ஒரே ஒரு கேள்வி கேள். பதிலில் அந்தச் சொல் வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிடு.

எனக்கு வியாழன் மாலை 5 மணிக்கு அடுத்த செஷன். ரத்து செய்யவில்லை. இரண்டு நாளாகச் சளி வேறு. அதைப் பற்றி அவரிடம் வாய் திறப்பதாக இல்லை.