பயிற்சி மருத்துவர் கையில் லேசர்: பிஆர்கேவா, லேசிக்கா, ஸ்மைலா?

"பயிற்சி மருத்துவர்தான் செய்வார், சீனியர் கூடவே இருப்பார்" என்று, கண்ணாடியை விட்டொழிக்கக் கண்ணுக்கு லேசர் செய்யப் போன இடத்தில் சொன்னதும் வயிற்றைக் கலக்கும். நியாயம்தான். ஆனால் யார் செய்கிறார் என்பதோடு, பிஆர்கே, லேசிக், ஸ்மைல் என்ற மூன்று முறைகளில் எதைச் செய்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

கருவிழியை (கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தை) செதுக்கும் எக்சைமர் லேசருக்கு யார் பெடலை மிதித்தாலும் ஒன்றுதான். 6 மி.மீ. வட்டத்தில் ஒரு டயாப்டர் மைனஸ் பவருக்குச் சுமார் 12 மைக்ரான் ஆழம் என்று கணக்கு முன்பே ஏற்றப்பட்டிருக்கும். கண் கொஞ்சம் அசைந்தாலும் டிராக்கர் பின்தொடரும். கைப்பழக்கம் தெரிவது அதற்கு முன்னும் பின்னும்.

பிஆர்கேயில் மேல்படலத்தை அகற்றிவிட்டு நேராக லேசர். மடல் (கருவிழியில் மூடிபோல வெட்டித் திறக்கும் மெல்லிய அடுக்கு) கிடையாது, அதனால் மடல் தொடர்பான கோளாறும் கிடையாது. கற்பவருக்கு இதுதான் சாது. சிரமமெல்லாம் நமக்கு: சில நாள் எரிச்சல், புண் ஆறும்வரை போட்டிருக்கும் பாண்டேஜ் லென்ஸ், பார்வை தெளிய வாரக்கணக்கு.

லேசிக்கில் மடல் வெட்ட வேண்டும். பிளேடு காலத்தில் நடுவில் ஓட்டை விழுவதும், மடல் மொத்தமாகக் கழன்று வருவதும் பெரிய பயம். பிளேடுக்குப் பதில் மடலை வெட்டும் ஃபெம்டோ லேசர் அதை வெகுவாகக் குறைத்துவிட்டது. அப்புறமும் மடலைச் சுருக்கமில்லாமல் திரும்பப் படிய வைப்பது கைவேலைதான்.

ஸ்மைல் வேறு ரகம். எக்சைமரே கிடையாது. ஃபெம்டோ லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வரைந்துவிடும், சில மி.மீ. துளை வழியாக அதைப் பிரித்து உருவுவது மருத்துவரின் கை. முதலில் வில்லையின் முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். கருவி தவறிப் பின்பக்கத்தில் முதலில் நுழைந்தால், வில்லை மேல்பகுதியோடு ஒட்டிக்கொண்டு விளிம்பே தென்படாது. பழகாத கை தடுமாறும் இடம் இது.

சீனியர்களோடு ஒப்பிட்டால்? பிஆர்கே, லேசிக் இரண்டிலும் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கண்களுக்குப் பெரும்பாலும் நல்ல பார்வையே கிடைத்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. சிக்கலில்லாத கண்களைத்தான் பொதுவாகக் கற்பவரிடம் கொடுப்பார்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய ஆபத்து அறுவை மேசையில் இல்லை. ஆரம்பநிலைக் கெரட்டோகோனஸை (கருவிழி மெலிந்து கூம்பாகும் நோயை) ஸ்கேனில் கவனிக்காமல் விட்டு லேசர் செய்தால், எந்தக் கெட்டிக்காரக் கையாலும் பின்னர் கருவிழி பிதுங்குவதைத் தடுக்க முடியாது. அந்த ஸ்கேனை இரண்டு பேர் பார்ப்பது, அவசரத்தில் ஓடும் ஒரே நிபுணரைவிட மேல்.

பயிற்சி மருத்துவர் என்றால் பிஆர்கேக்குத் தயங்கமாட்டேன், ஃபெம்டோ லேசிக்குக்கும் சரி என்பேன். ஸ்மைல் என்றால், இதுவரை எத்தனை வில்லை எடுத்திருக்கிறார், சீனியர் மைக்ரோஸ்கோப்பில் கூடவே பார்ப்பாரா இல்லை பக்கத்து அறையில் இருப்பாரா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.