கென்யா–சான்சிபார் 9 இரவு பேக்கேஜ்: சென்னை ஏஜென்சிகள் தரும் திட்டம் எப்படி?

நுங்கம்பாக்கமோ தி.நகரோ, சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் ஏறி "ஆப்பிரிக்கா சஃபாரி, கடைசியில் கொஞ்சம் கடற்கரை, நல்ல வசதியாக வேண்டும்" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இந்தத் திட்டம்தான். நைரோபியில் ஒரு இரவு, அம்போசெலி பூங்காவில் இரண்டு, நைவாஷா ஏரிப் பக்கம் ஒன்று, மசாய் மாரா காப்பகத்தில் இரண்டு, சான்சிபார் தீவில் மூன்று. அட்டையில் ஆற்றைத் தாண்டும் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தை, உள்ளே கூடாரத்துக்குள் குளியல் தொட்டி.

இதில் ஒரு விஷயம் நன்றாகவே இருக்கிறது. சஃபாரி முதலில், கடல் பின்னால் என்ற வரிசை சரி. காட்டில் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, நாள் முழுக்கத் தூசி தின்ற பிறகுதான் கடற்கரை ஓய்வாகத் தெரியும். மாதம், மாராவின் இரவுகள், வண்டி ஆகிய மூன்றையும் மாற்றாமல் மட்டும் அட்வான்ஸ் கட்டக்கூடாது. சொகுசு சஃபாரிக்குப் பணம் கொடுப்பது குளியல் தொட்டிக்காக அல்ல. மிருகம் இருக்கும் இடத்தில், சரியான நேரத்தில், அவசரமில்லாமல் நிற்பதற்காக.

மாதத்திலிருந்து தொடங்குவோம். நம் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மேயிலும். குடும்பங்களுக்கு இந்தத் திட்டம் அதிகம் விற்கப்படுவதும் அந்த வாரங்களுக்குத்தான். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மார்ச் பின்பாதி முதல் மே வரை பெருமழைக் காலம். மாராவின் பல பகுதிகளில் மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போன்றது. ஒரு நல்ல மழை பெய்தால் வண்டிச் சக்கரம் புதைந்து நிற்கும். பல கேம்ப்கள் அந்த மாதங்களில் பழுது பார்க்க மூடிவிடும். திறந்திருப்பவை விலையை இறக்கும். மே மாத பேக்கேஜ் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் ஏஜென்சியின் பேரம் அல்ல, இந்த மழைதான். பச்சைப் புல்வெளி, குறைந்த கூட்டம், ஏராளமான பறவைகள் என்று தெரிந்தே வாங்குகிறவர்களுக்கு அது நல்ல பேரமாகவும் இருக்கலாம். ஆனால் பின்னால் வரும் மூன்று நாள் கடற்கரைக்கு அந்த மாதங்கள் ஆகவே ஆகாது.

சென்னைக் குடும்பத்துக்குப் பொருத்தமான காலம் காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில், ஆண்டுதோறும் இடம்பெயரும் வில்டபீஸ்ட் மந்தைகள் பெரும்பாலும் மாராவில் இருக்கும். சான்சிபாரில் நவம்பர் சிறுமழை இன்னும் தொடங்கியிருக்காது. பள்ளியில் நாலைந்து நாள் கூடுதல் லீவு கேட்க வேண்டிவரும், கேட்கலாம். அரையாண்டு விடுமுறையான டிசம்பர் கடைசியில் கடல் அருமை, விலை உச்சம். மந்தைகளோ அப்போது தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளிக்குப் போய்விட்டிருக்கும். டிசம்பர் பயணத்துக்கு ஆற்றைத் தாண்டும் படத்தைக் காட்டி யாராவது விற்றால், அவருக்குத் தொழில் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் நாட்டை மாற்றச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் குரூகர் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் போன்ற தனியார் சரணாலயங்களில் மே மாதம் வறட்சியின் தொடக்கம். புல் தாழ்ந்துவரும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும். சிறுத்தை பார்க்க அதைவிட நல்ல இடம் குறைவு. அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் வழியாக மொரீஷியஸ் சுமார் நான்கு மணி நேர விமானம். இந்தியர்களுக்கு அங்கே முன்கூட்டி விசா வேண்டாம். தென்னாப்பிரிக்காவுக்கு விசா வேண்டும். குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், ஒரு பெற்றோர் மட்டும் கூடப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் எல்லாம் கேட்பார்கள். இதற்கெல்லாம் நாள் வேண்டும். பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்.

அடுத்தது மாரா. இரண்டு இரவு என்றால் கணக்குப்படி முழுநாள் ஒன்றுதான் கிடைக்கும். மந்தை ஆற்றங்கரைக்கு வந்து மணிக்கணக்காக நின்றுவிட்டு, இறங்காமல் திரும்பிப் போவது சாதாரணம். ஒரு நாளில் அதைப் பார்த்துவிடலாம் என்று யாரும் உறுதி தர முடியாது. இதற்கு நடுவே நைவாஷா ஓர் இரவு எதற்கு? அம்போசெலி நைரோபிக்குத் தெற்கே, நைவாஷா வடமேற்கே. அம்போசெலியிலிருந்து நைவாஷாவுக்கு நைரோபியைக் கடந்துதான் போக வேண்டும், ஒரு நாள் சாலையிலேயே போய்விடும். நைவாஷாவிலிருந்து மாராவுக்கு இன்னொரு அரை நாளுக்கு மேல். அந்த இரவை வெட்டி மாராவோடு சேர்த்தால் மாரா மூன்றாகும். கிளிமஞ்சாரோவைப் பின்னணியில் வைத்து யானைகளைப் பார்க்கும் ஆசை பெரிதாக இல்லையென்றால் அம்போசெலியையும் விட்டுவிடுங்கள். நைரோபி ஒன்று, மாரா நான்கு, கடல் நான்கு. ஒன்பது இரவுக்கு அதுதான் எங்கள் தேர்வு. அம்போசெலி போகிறவர்களுக்கு ஒரு சொல்: சிகரம் விடியலில்தான் தெளிவாகத் தெரியும், பொழுது ஏறினால் மேகம் மூடிவிடும். அதனால் காலைச் சுற்று விடியுமுன் கிளம்புகிறதா என்று கேளுங்கள்.

மாராவில் எங்கே தங்குகிறோம் என்பது விலையையும் அனுபவத்தையும் சேர்த்தே மாற்றும். அரசுக் காப்பகத்துக்குள் 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி–ஜூனில் நாளுக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அக்டோபரில் தம்பதிக்கு மூன்று நாளென்றால் இதுவே 1,200 டாலர். மலிவான கொட்டேஷனில் "பார்க் ஃபீஸ் தனி" என்று கடைசி வரியில் சிறிய எழுத்தில் கிடப்பது இந்தத் தொகைதான். கடைசி நாளில் வெளியேற எத்தனை மணி வரை நேரம், தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம் விழுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

காப்பகத்தை ஒட்டி மசாய் மக்களின் நிலத்தில் நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகள் (தனிச் சரணாலயங்கள்) இருக்கின்றன. அங்கே வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பாதையை விட்டு இறங்கி ஓட்டலாம், இரவுச் சுற்று போகலாம், வழிகாட்டியோடு நடக்கலாம்; காப்பகத்துக்குள் இவை கிடையாது. ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்கும் காட்சியைத் தவிர்க்க வேண்டுமானால் பணத்தை இங்கே போடுங்கள். ஆனால் மந்தைகள் ஆற்றைத் தாண்டும் இடங்கள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. கன்சர்வன்சியிலிருந்து அங்கே ஒரு நாள் போனால் காப்பகக் கட்டணம் தனி. நான்கு இரவு இருந்தால் இரண்டு அங்கே, இரண்டு ஆற்றுக்குப் பக்கத்தில் என்று பிரித்துக் கேளுங்கள்.

வண்டி விஷயத்தில்தான் ஏஜென்சிகள் அதிகம் மழுப்புவார்கள். "சஃபாரி வெஹிக்கிள்" என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது கூரை தூக்கும் மினிவேன். நல்ல சாலையில் அது போதும், ஈரக் கரிசலில் போதாது. ஃபோர் வீல் டிரைவ் லேண்ட் குரூஸரா, ஒரு வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் இருக்கையா என்று மூன்று கேள்வி கேளுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தனி வண்டி வாங்குவது, அறையை ஒரு படி உயர்த்துவதைவிட மேலானது. சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும்வரை இரண்டு மணி நேரம் காத்திருக்க நினைக்கும்போது, பின் சீட்டில் யாரோ மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று சொல்லாமலிருக்க அது ஒன்றே வழி.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம், சிறு விமானத்தில் முக்கால் மணி. சொகுசு என்று விற்றால் ஒரு வழியாவது விமானமாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு இடத்தில் தவறு நடக்கும். சிறு விமானங்கள் நைரோபியின் பெரிய விமான நிலையத்திலிருந்து அல்ல, வில்சன் என்ற வேறு நிலையத்திலிருந்து புறப்படும். நடுவே நகரப் போக்குவரத்து. காட்டு ஓடுபாதைகளில் விளக்கு இல்லை, பகலில் மட்டுமே பறப்பார்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக மதியம் வந்து இறங்குகிறவர் அன்றே மாராவுக்குப் போவதாகத் தாளில் இருந்தால் அது நடக்காது. இரண்டாவது, சாமான். கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மடங்கும் துணிப்பையில். விமானத்தின் அடியில் இருக்கும் சிறு அறைக்குள் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி நுழையாது. பெரிய பெட்டியை நைரோபி ஹோட்டலில் விட்டுவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அந்த 15 கிலோவில் ஸ்வெட்டருக்கு இடம் விடுங்கள். மாரா ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த வண்டியில் விடிகாலைக் காற்று ஊட்டிக் குளிர். கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும். ராணுவப் புள்ளி உடையும் வேண்டாம். நம்மவர்கள் மறக்கும் பெரிய விஷயம் பிளாஸ்டிக் கவர். கென்யாவில் 2017 முதலும், சான்சிபார் சேர்ந்த தான்சானியாவில் 2019 முதலும் தடை. பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் டப்பாவில் போகட்டும். துணியைச் சுற்றிய கேரி பேகையும் வீட்டிலேயே விடுங்கள்.

காகிதங்களில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முதலிடம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்த நாளில் என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். இது இல்லாமல் கென்யாவிலிருந்து சான்சிபாருக்குள் நுழைவதிலும் சிக்கல், இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தல். அறுபதைத் தாண்டியவர்களும் கர்ப்பிணிகளும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக்கூடாது. அதே சந்திப்பில் மலேரியா மாத்திரையையும் கேட்டுவிடுங்கள்.

கென்யாவுக்கு ஆன்லைன் பயண அனுமதி, கைக்குழந்தைக்கும் சேர்த்து. தான்சானியாவுக்குத் தனி இ-விசா. "ஈஸ்ட் ஆப்பிரிக்கா விசா ஒன்று எடுத்தால் எல்லாம் முடியும்" என்று கவுண்டரில் சொன்னால் நம்பாதீர்கள். அது கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு மட்டும். 2024 அக்டோபர் முதல் சான்சிபாருக்கு அவர்களுடைய காப்பீட்டையே வாங்க வேண்டும், பெரியவர்களுக்கு 44 டாலர். இங்கே எடுத்த பாலிசி அதற்கு ஈடாகாது. ஆனால் காட்டிலிருந்து விமானத்தில் தூக்கிவரும் செலவுக்கு இங்கே எடுத்த பாலிசியும் வேண்டும்.

சான்சிபாரில் கடற்கரையைத் திசை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கிழக்கே பாஜே, ஜம்பியானி பக்கம் வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். நீந்த நினைத்தவருக்கு முழங்கால் நீர்தான். காற்றாடி கட்டிச் சறுக்குகிறவர்களுக்கு அதே இடம் சொர்க்கம். எந்நேரமும் நீந்த வடக்கே நுங்வி, கெண்ட்வா. இவ்வளவு காகித வேலை வேண்டாமென்றால் கென்யாவின் டியானி கடற்கரையே போதும். பக்கத்து ஊரான உக்குண்டாவுக்குச் சிறு விமானம், இரண்டாவது விசா இல்லை, காப்பீடு இல்லை. சான்சிபாரின் பழைய நகரமான கல்நகரத்தின் (ஸ்டோன் டவுன்) சந்துகள் மட்டும் அங்கே கிடைக்காது.

சாப்பாட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். குஜராத்திகள் தலைமுறைகளாக வாழும் ஊர்கள் இவை. சப்பாத்தி, தேங்காய்ப்பாலில் வெந்த பீன்ஸ், சுகுமா கீரை எல்லாம் உள்ளூர்ச் சமையலே. ஆனால் கேம்ப்புக்குக் காய்கறி நைரோபியிலிருந்து வருகிறது. வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு வேண்டுமென்றால் புக்கிங்கிலேயே எழுதிவிட வேண்டும், இரவு மேசையில் உட்கார்ந்து சொன்னால் ரொட்டியும் வெள்ளரியும்தான்.

பில்லில் ஜி.எஸ்.டி.யும் டி.சி.எஸ்.ஸும் தனித்தனி வரியில் இருக்கட்டும். டி.சி.எஸ். என்பது ஏஜென்சி நம்மிடம் முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி; வருமான வரிக் கணக்கில் திரும்பச் சேரும் பணம். யாருடைய பான் எண்ணில் கட்டப்படுகிறது என்று பாருங்கள். கேம்ப் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான" என்று இருந்தால் அந்தச் சொற்களை அடிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் காப்பகத்துக்குள் ஆற்றங்கரையில் இருக்கும் கேம்ப்புக்கு வாசலுக்கு வெளியே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் லாட்ஜ் ஒருநாளும் இணையாகாது. அட்வான்ஸ் கட்டிய வாரத்துக்குள் கேம்ப் தரும் உறுதிப்படுத்தல் எண்ணை வாங்கி, நேரடியாகக் கேம்ப்புக்கே ஒரு மெயில் போட்டுத் தேதியையும் பெயர்களையும் சரிபார்த்துவிடுங்கள்.