முண்டு வற்றலா, பாக்கெட் தூளா?

தொண்டிப் பக்கம் மீன்குழம்புக்கு முண்டு என்கிற உருண்டை மிளகாய் வற்றல்தான், அதில் எங்கள் வீட்டில் வாதமே கிடையாது. ஆண்டுக்கானதை மொத்தமாக வாங்கிப் போடுவதா, தேவைப்படும்போது பாக்கெட் தூள் வாங்குவதா என்பதில்தான் இழுபறி. இரண்டு வருடம் பாக்கெட்டில் ஓட்டிவிட்டு வற்றலுக்கே திரும்பியவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

மணம், காரம், நிறம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. என்னை யோசிக்க வைத்தது அஃப்லாடாக்சின்.

இது யாரும் கலப்படம் செய்வதல்ல. ஈரம் பட்ட வற்றலிலும் கடலையிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை தானாகவே உண்டாக்கும் நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழ, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது. ஒரு சிட்டிகையில் எவ்வளவு கேடு என்பதைச் சொல்வதில்லை.

அதற்கு அளவைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அந்த வரம்பைத் தொட்ட வற்றலை ஒருவர் நாளுக்கு 8 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 0.08 மைக்ரோகிராம். அதே அளவு நஞ்சுள்ள கடலையை 100 கிராம் கொறித்தால் 1 மைக்ரோகிராம். ஆக, முதலில் பயப்பட வேண்டியது கடலைக்குத்தான். ஆனால் மிளகாய் தினமும் சட்டியில் விழுகிறது. ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களின் ஈரலுக்கோ இந்த நஞ்சின் ஆபத்து பல மடங்கு.

சரி, வறுத்தால் போகாதா? முழுசாகப் போகாது. நம் வீட்டு அடுப்புச் சூட்டில் கொஞ்சம் குறைந்தாலும் மிச்சம் இருக்கும். வராமல் தடுப்பது ஒன்றே வழி, அதாவது ஈரம் ஏறாமல் பார்ப்பது. கடற்கரையில் அதுதான் பெரும்பாடு. பங்குனியில் ஆட்டினால் கலகலவென்று விதை சத்தம் கேட்கும் வற்றல், ஐப்பசி மழைக் காற்றில் நமுத்துத் துவண்டுவிடும்.

வற்றலுக்குத் திரும்பிய முதல் வருடம், சோம்பல்பட்டு ஆறு கிலோவையும் ஒரே நாளில் மில்லில் அரைத்து வைத்தேன். கார்த்திகையில் தூள் கட்டி கட்டியாகி முடை நாற்றம். அத்தனையையும் கொட்டினேன். இப்போது முழு வற்றலாகவே வைக்கிறேன். முண்டு உருண்டை என்பதால் வெளியே பளபளத்தாலும் உள்ளே பூத்திருக்கும். நாலைந்தை உடைத்துப் பார்த்தால் விதையோரம் சாம்பல் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். தூளில் எதை உடைத்துப் பார்ப்பது? கண்ணில் பூஞ்சை படாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனாலும் பூத்ததைப் பொறுக்கி எறிந்தால் பெரும்பங்கு குறையும்.

வாங்கும்போது எடைக்காக நீர் தெளித்த சரக்கைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மாடியில் தார்ப்பாய் விரித்து மறுபடி இரண்டு வெயில். சூடாக டிரம்மில் அடைத்தால் உள்ளே வியர்க்கும், ஆற விட்டு அடையுங்கள். காம்பை அரைக்கும் அன்று கிள்ளினால் போதும், முன்பே கிள்ளினால் அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கும். மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு வெயில் காட்டிவிட்டு, மாதத்துக்கு அரைக் கிலோ அரைக்கிறேன்.

பாக்கெட்டையும் குறை சொல்லிவிட முடியாது. நான் வாங்கியது ஒரே ஒரு பிராண்ட், அதை வைத்து எல்லாத் தூளையும் எடை போட மாட்டேன். ஆய்வகத்தில் சோதித்து வரும் தூளும் உண்டு. என் டிரம் எந்த ஆய்வகத்தையும் கண்டதில்லை.

வெயிலே எட்டாத வாடகை வீட்டில் இருக்கும் என் தங்கைக்கு 100 கிராம் பாக்கெட்தான் சரி. பிரித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.