குர்க்குமினா, கொல்கிசினா: அழற்சியை அடக்குவதில் எது மேல்?

அழற்சியைத் தணிக்கும் தாவரப் பொருள் என்றால் மஞ்சளின் குர்க்குமின்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கொல்கிசினை யாரும் அவ்வளவு பிரியமாகச் சொல்வதில்லை, அது நஞ்சாயிற்றே. ஆனாலும் மருந்துச் சீட்டில் இடம்பிடித்தது அந்த நஞ்சுதான்.

ஆய்வுக்கூடத்தில் குர்க்குமினின் கை ஓங்கியிருக்கிறது. அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் என்எஃப்-கப்பா-பி. சாதாரண நேரத்தில் ஐகப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதை உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கும். டிஎன்எஃப் போன்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் வந்ததும் ஐகேகே என்ற நொதி முடுக்கம் பெற்று ஐகப்பா-பி மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே அது சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் நுழைய, இன்டர்லூக்கின்-6, காக்ஸ்-2 என அழற்சியை வளர்க்கும் புரதங்கள் வரிசையாக உற்பத்தியாகின்றன. இந்த ஐகேகேயைத்தான் குர்க்குமின் மட்டுப்படுத்துகிறது. கேட்பதற்கு அருமை!

ஆனால் செல் வளர்ப்புத் தட்டில் இதற்குப் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு) வேண்டியிருக்கிறது. நாளுக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் ரத்தத்திலோ சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை. குடல்சுவரும் கல்லீரலும் அதை உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. போதாக்குறைக்கு, குர்க்குமின் தானே ஒளிரும் பொருள். ஒளிர்வை அளக்கும் சோதனைகளையே ஏமாற்றிவிடும். மிளகின் பிப்பெரின் சேர்த்தால் உறிஞ்சல் கூடும், உண்மைதான். ஆனால் பிப்பெரின் முடக்குவது மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை. உடன் சாப்பிடும் பிற மாத்திரைகளும் ரத்தத்தில் தேங்கலாம். இந்தக் கூட்டு மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு.

கொல்கிசினுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் இல்லை. டியூபுலின் என்ற புரதத்தோடு ஒட்டி, அதனால் கட்டப்படும் செல்லின் உள்சட்டமான நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது, அவ்வளவே. அதனால் வெள்ளணுக்கள் அழற்சி இடத்துக்கு விரைய முடிவதில்லை. யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்கள் தூண்டும் என்எல்ஆர்பி3 என்ற புரதத் தொகுதியும் சரியாகக் கூடுவதில்லை, அழற்சியைப் பரப்பும் இன்டர்லூக்கின்-1பீட்டா குறைகிறது. அந்தப் படிகங்கள் மூட்டில் சேர்வதால் வரும் கௌட் வலிக்கு முதலில் 1.2 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.6, அதுவே போதும். 2020இல் வெளியான ஆய்வில், நாட்பட்ட இதயத் தமனி நோயாளிகள் 5,522 பேரில் தினம் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு முதலிய பாதிப்புகள் குறைந்தன. மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த பின்னாளைய பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்தாக மதிப்பிட்டால் என் வாக்கு கொல்கிசினுக்கே, மருத்துவர் கண்காணிப்பு இருக்கும்வரை. சிறுநீரகம் தளர்ந்தவர் இதோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.