வின்எஸ்சிபி: 777 கைவிட்டபோது கைகொடுத்த மென்பொருள்

சிங்கப்பூர் பஃப்ளோ ரோட்டில் சித்தி பூக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மாலை ஆர்டர் எடுக்கும் இணையப் பக்கம் படுத்துவிட்டது. புது சர்வருக்கு மாற்றிய மறுநாள் அது. படிவத்தை அனுப்பினால் 500 பிழை, அதாவது சர்வருக்குள்ளேயே ஏதோ கோளாறு. சித்தி பழையபடி ஆர்டரைச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்த ஆரம்பித்துவிட்டார்.

சர்வர் இடம் தரும் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். "பெர்மிஷன் பிரச்சினைதான், ஸ்கிரிப்டுக்கு 777 போட்டுடுங்க" என்றார்கள். ஸ்கிரிப்ட் என்பது ஆர்டர் படிவத்தை வாங்கிக்கொள்ளும் சின்ன நிரல். 777 என்றால் அதைப் படிக்க, எழுத, இயக்க எல்லோருக்கும் உரிமை. போட்டேன். அதே 500.

அன்றிரவு வின்எஸ்சிபியில் உட்கார்ந்தேன். நம் கணினிக்கும் சர்வருக்கும் இடையே கோப்புகளை மாற்ற உதவும், விண்டோஸுக்கான இலவச மென்பொருள். நம் கணினி இடப்பக்கம், சர்வர் வலப்பக்கம். எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை வழியாக நுழைந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே உரிமையும் உரிமையாளர் பெயரும் வரிசையாகத் தெரியும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத் தேட வேண்டியதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பை அதிலேயே திறந்தேன். முதல் நாள் வரியில் 'கோப்புக்கு இயக்க அனுமதி இல்லை' என்று இருந்தது. புதிதாக ஏற்றியபோது ஸ்கிரிப்ட் 644, அதாவது யாருக்கும் இயக்க உரிமை இல்லாத நிலை, ஆகிவிட்டிருக்கிறது. 777 போட்டபின் வந்த வரி வேறு: 'மற்றவர்கள் இதில் எழுத முடியும்.' எங்கள் சர்வரில் இணையப் பக்கங்களை அனுப்பும் மென்பொருள் அப்பாச்சி. அதன் சூஎக்ஸெக் என்ற பகுதி ஸ்கிரிப்டை எங்கள் கணக்கின் பெயரிலேயே ஓட்டுகிறது. பிறர் எழுதக்கூடிய ஸ்கிரிப்டை அது தொடவே தொடாது. ஆக, எங்களுக்குச் சொன்ன மருந்தே இரண்டாவது நோய்.

எஃப்9 தட்டினால் உரிமைப் பெட்டி வரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டினால் ஓர் இலக்கம்; மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள். கட்டங்களில் டிக் போடப் போட எண் தானே மாறுகிறது. ஸ்கிரிப்டுக்கு 755 வைத்தேன், பக்கம் உடனே எழுந்தது. ஆர்டர் கோப்புக்கு 600. அதில் வாடிக்கையாளர்களின் ஹேண்ட்ஃபோன் எண்கள் இருக்கின்றன. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பூக்கடைக்கும் பொருந்தும். பகிர்ந்துகொள்ளும் சர்வரில் கண்ட கோப்புக்கெல்லாம் 777 போடச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

ஸ்கிரிப்ட் இல்லாத மொத்தக் கோப்புறைக்கும் 644 வைக்கும்போது 'கோப்புறைகளுக்கு எக்ஸ் (இயக்க உரிமை) சேர்' என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். இயக்க உரிமை இல்லாத கோப்புறைக்குள் நுழையவே முடியாது. அந்த ஒரு கட்டத்துக்காகவே இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

உரிமையாளர் பத்தியில் உங்கள் பெயருக்குப் பதில் 'ரூட்' (சர்வரின் தலைமை நிர்வாகக் கணக்கு) என்று இருந்தால் மட்டும் இந்தப் பெட்டியால் பயனில்லை. சர்வர்காரரிடம்தான் மாற்றித் தரச் சொல்ல வேண்டும். மேக் கணினிக்கும் வின்எஸ்சிபி கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு கேட்பார்கள். வின்எஸ்சிபியின் சொந்தத் தளத்தில் இலவசம்.