ஜானி வாக்கரா, மெஹ்மூதா?

பழைய இந்திப் படக் காமெடியை இந்த இரு நடிகர்களில் யாரிடமிருந்து தொடங்குவது என்று குழம்புபவர்களுக்கு.

நேரம்
ஜானி வாக்கர்: பத்து நிமிடம் போதும். ‘பியாசா’வில் (1957) தலைக்கு எண்ணெய் மாலிஷ் செய்பவராகப் பாடிக்கொண்டே வருவார், அதிலேயே ஆள் பிடிபட்டுவிடும்.
மெஹ்மூத்: முழுப் படமும் உட்கார வேண்டும்.

இன்றைக்குத் தாங்குமா
வாக்கர்: தாராளமாக. பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்தவர். இவரது குடிகார வேடத்தைப் பார்த்து விஸ்கியின் பெயரைச் சூட்டியவர் இயக்குநர் குரு தத். மனிதரோ குடிக்கவே மாட்டாராம்!
மெஹ்மூத்: ஏறி இறங்கும். ‘படோசன்’ (1968) படத்தில் குடுமியோடு மதராஸி பாட்டு வாத்தியார். அந்தப் பாட்டுப் போட்டியில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனாலும் உச்சரிப்புக் கிண்டல் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

துணிச்சல்
இதில் மெஹ்மூத்தான். சொந்தமாக இயக்கினார்; ‘குன்வாரா பாப்’ (1974) படத்தில் போலியோவையே கதையாக்கினார்.

சரி, சாப்பிடும் நேரத்தில் ஒரு காட்சி போதும் என்றால் வாக்கர். ஞாயிறு மதியம் சும்மா இருந்தால் மெஹ்மூதின் ‘பம்பாய் டு கோவா’ (1972). இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நம் தமிழ்ப் படம் ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’யின் பஸ்தான் அங்கே ஓடுகிறது.